கடைமடையில் நின்று அளந்தால்தான் அணையின் கணக்கு தெரியும்

எங்கள் ஊர் வாய்க்காலின் கடைசி மதகுக்குக் கதவு கிடையாது. கதவு இறங்கிய காடி மட்டும் இரண்டு பக்கச் சிமெண்டுத் தூணிலும் இருக்கிறது. இரும்புப் பலகையும் திருகும் எந்த வருஷம் போயின என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. தண்ணீர் வருகிற நாளில் சித்தப்பா வைக்கோலைத் திரித்துச் சுருட்டி வைத்து, களிமண் கட்டிய நெல் சாக்கை அதன்மேல் போட்டு மிதித்து மடையை அடைப்பார். திறக்க வேண்டுமானால் இடுப்பளவு சேற்றில் இறங்கிச் சாக்கை இழுத்துப் போட வேண்டும். அவருக்கு வயது அறுபத்தெட்டு.

பர்மாவில் பெகு நகருக்கு வடக்கே, பழைய ரங்கூன்–மாந்தலை சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். இந்த வாய்க்காலின் தலைப்பில் பெரிய பலகை ஒன்று நிற்கிறது. அணை எத்தனை ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும், எத்தனை ஏக்கர் பாயும் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் ஆறு ஏக்கரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆனால் கோடைத் தண்ணீர் நாற்று விட்ட நாள் முதல் கதிர் முற்றும் வரை எங்கள் மடைக்கு வந்த வருஷங்களைச் சித்தப்பா ஒரு கை விரலில் எண்ணிவிடுவார். பலகையில் இருக்கிற ஏக்கருக்கும் ஈரம் கண்ட ஏக்கருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான், வளரும் நாடுகள் பலவற்றில் அரசு கட்டிய பாசனத் திட்டங்களின் பிரச்சினை.

உலகத்தில் பயிரிடும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பாசன நிலம். விளைச்சலில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதிலிருந்து வருகிறது. அதனால்தான் 1960களிலும் 70களிலும் ஆசிய, ஆப்பிரிக்க அரசுகள் கடன் வாங்கி அணை கட்டின. பர்மாவில் அந்த வேகம் கொஞ்சம் தாமதமாக, 1988க்குப் பிறகு வந்தது. அப்போது வந்த இராணுவ அரசு இருபது வருஷத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட அணைகளைக் கட்டியது. 1992இல் கோடை நெல் திட்டத்தை முடுக்கிவிட்டது. பர்மியர் பாசனத்தை ‘செமியாங்’ என்பார்கள். ‘செ’ என்றால் அணை, ‘மியாங்’ என்றால் வாய்க்கால். அந்தச் சொல்லில் அணைக்கும் வாய்க்காலுக்கும் சரிபாதி இடம் இருக்கிறது. பணத்தை ஒதுக்கியபோது அந்தச் சரிபாதி இல்லை. அணை முடிந்ததும் திறப்பு விழா நடக்கும், படம் எடுப்பார்கள். கிளை வாய்க்காலுக்கும் வயல் வாய்க்காலுக்கும் விழா எடுப்பவர் யார்?

2012இல் அரசின் தணிக்கை அறிக்கை இதை எண்ணாலேயே சொன்னது. ஆற்றிலிருந்து மின்சாரத்தால் தண்ணீர் இறைக்கும் 67 நிலையங்களைச் சரிபார்த்தபோது, குறிவைத்த பரப்பில் ஆறில் ஒரு பங்குகூடப் பாயவில்லை என்று தெரியவந்தது. திறந்து வைத்த சில அணைகளுக்கு வாய்க்காலே வெட்டப்படவில்லை என்பதும் வெளியே வந்தது.

இது ஏன் நடக்கிறது? தலைமடைக்காரர்கள் பேராசைக்காரர்கள், கடைமடைக்கு விடமாட்டார்கள் என்று திட்டுவது எளிது. நானும் சின்ன வயதில் திட்டியிருக்கிறேன். பிறகு மேல்வாய்க்காலில் எங்கள் அத்தை வீட்டு வயலில் ஒரு பருவம் வேலை செய்தபோதுதான் புரிந்தது. அடுத்த முறைத் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று தெரியாதவர் தன் வயலையே தொட்டியாக்கிக்கொள்வார். பத்து நாள் தள்ளிப்போனாலும் தாங்க வேண்டுமே என்று வரப்பை உயர்த்தித் தேக்குவார். மடைக்குப் பக்கத்தில் இரவோடு இரவாக இன்னொரு துளை போடுவார். அவரை அப்படிச் செய்ய வைப்பது தண்ணீர்ப் பஞ்சம்கூட இல்லை. வருமா வராதா என்ற நிச்சயமின்மைதான். தண்ணீர் குறைவாக இருந்தாலும் நாள் தவறாமல் வரும் என்ற நம்பிக்கை இருந்தால், அவரே மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்.

அடுத்த காரணம் பராமரிப்பு. மண் வாய்க்காலில் வருஷா வருஷம் வண்டல் படியும். பெகுவில் ஆண்டு மழை மூவாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும், அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கும். கரை சரியும், ஆகாயத்தாமரை அடைக்கும், நாணல் வளரும். தூர் எடுக்காமல் மூன்று மழைக்காலம் விட்டால், வாய்க்கால் பாதித் தண்ணீரைத்தான் கொண்டுபோகும், அந்தப் பாதியும் மேலேயே தீர்ந்துவிடும். தூர் எடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? விவசாயி கட்டும் தண்ணீர் வரி மிகச் சிறியது. அதுவும் வசூலானவுடன் அரசுக் கருவூலத்துக்குப் போய்விடும். வாய்க்கால் பார்க்கும் அலுவலகத்துக்கு வேறு ஒதுக்கீடு வரும். ஆக, கடைமடைக்குத் தண்ணீர் போனாலும் போகாவிட்டாலும் அந்த அலுவலகத்தின் வரவில் ஒரு காசு கூடாது, குறையாது. வாய்க்கால் பாழான பிறகு ‘புனரமைப்பு’ என்று புதுக்கடன் வாங்குவார்கள். கட்டுவது, கைவிடுவது, மறுபடி கட்டுவது என்று எத்தனையோ நாடுகள் இந்தச் செக்கைத்தான் சுற்றுகின்றன.

கைவிட்டதன் விலை சில சமயம் ஒரே விடியற்காலையில் தெரிந்துவிடும். 2018 ஆகஸ்ட் 29ஆம் தேதி பெகு மாநிலத்தின் யேதாஷே பக்கம் சுவா அணையில் மிகைநீர் வழியும் கலிங்கு உடைந்தது. 85 கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள், ரங்கூன்–மாந்தலை நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று இறங்கியது. 2000களில் கட்டிய அணை அது, கிழடு அல்ல. தண்ணீர் கலிங்கில் ததும்புவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் சில நாள் முன்பே பயப்பட்டார்கள். ஆபத்தில்லை என்றுதான் அவர்களுக்குப் பதில் கிடைத்தது. கீழே இருப்பவரின் கண் கணக்கில் வராத ஏற்பாட்டில் இப்படித்தான் நடக்கும்.

பர்மாவின் பழைய பாசனம் இப்படி இருக்கவில்லை. மாந்தலைக்குத் தெற்கே கியௌக்சே என்ற ஊர் இருக்கிறது. ‘கியௌக்’ என்றால் கல், ‘சே’ என்பது முன்பு சொன்ன அதே ‘செ’, அணை. நம் தமிழில் சொன்னால் அது கல்லணை! முதன்முதல் இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. பான்லாவுங், சோஜி ஆறுகளின் குறுக்கே தடுப்பணை கட்டி வாய்க்கால் பிரித்த பூமி அது. 11ஆம் நூற்றாண்டில் பகானை ஆண்ட அனோரதா மன்னர் பெயரோடு அந்த அணைகள் பேசப்படுகின்றன. பகானின் கோயில்களைக் கட்டிய கைகளுக்குச் சோறு போட்டதில் கியௌக்சே வயல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு தலைவர் இருந்தார், எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்பித் தூர் எடுக்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் அந்த வாய்க்கால்கள் ஓடியதற்குக் கல்லின் உறுதி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எங்கள் பாட்டனார்கள் விட்டு வந்த சீமையிலும் இதே கதைதான். சிவகங்கை, இராமநாதபுரக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது என்பது அவர் கையில். அவருக்குக் கூலி அறுவடைக்களத்தில், ஒவ்வொரு வயலிலிருந்தும் நெல்லாக. வயல் காய்ந்தால் அவருடைய குதிரும் காயும். தண்ணீர் பிரிப்பவரின் வயிறும் கடைமடையின் விளைச்சலும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அந்தக் காலத்துச் சாதிக் கொடுமைகளை நான் மறைக்கவில்லை, யார் நீர்க்கட்டி, யார் அடிமடை என்பதிலேயே அது இருந்தது. ஆனால் அந்தக் கூலி முறைக்குள் இருந்த பொறுப்பை நாம் புது உருவில் மீட்டெடுக்க முடியும் என்று நம்புகிறேன்.

முடியும் என்பதற்கு வெளிநாட்டுச் சாட்சிகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது மாலி நாட்டுக் கதை. நைஜர் ஆற்றின் மார்க்கலா அணையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1930களில் தொடங்கி 1947இல் முடித்தார்கள். பத்து லட்சம் ஹெக்டேர் பாய்ச்சுவதாகக் கனவு. ஐம்பது வருஷம் கழித்தும் அதில் பத்தில் ஒரு பங்கு எட்டவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஹெக்டேருக்கு நெல் இரண்டு டன்தான். அந்தத் திட்ட நிர்வாகமே நெல்லை நிர்ணய விலைக்கு எடுத்துக்கொண்டது, ஒளித்து விற்பவரைப் பிடிக்கத் தனிக் காவல்படை வைத்திருந்தது. பர்மாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இங்கேயும் 2003 வரை ஏக்கருக்கு இத்தனை தின் நெல் என்று அரசுக்கு அளக்க வேண்டும். தின் என்றால் 46 பவுண்டுக் கூடை. சந்தை விலையில் பாதிகூடக் கிடைக்காத அந்தக் கொள்முதலுக்கு, விளையாத வருஷத்தில் வெளியே நெல் வாங்கி அளந்த குடும்பங்களை நான் அறிவேன்.

மாலியில் என்ன மாற்றினார்கள்? முதலில் அந்தக் காவல்படையைக் கலைத்து நெல் விற்பனையை விட்டுக்கொடுத்தார்கள். வாய்க்கால்களைச் செப்பனிட்டார்கள். 1994இல் நிர்வாகத்தையே சுருக்கி, தண்ணீர் கொடுப்பதும் வாய்க்கால் பார்ப்பதும்தான் உன் வேலை என்று வரையறுத்தார்கள். விவசாயி கட்டும் தண்ணீர்க் கட்டணத்தில் பாதியை எந்த வாய்க்காலுக்குச் செலவழிப்பது என்பதை விவசாயிகளும் அதிகாரிகளும் சமமாக உட்காரும் குழு முடிவு செய்தது. 1990கள் முடிவதற்குள் விளைச்சல் ஹெக்டேருக்கு ஐந்து டன்னைத் தாண்டியது. அதே அணை, அதே ஆறு. கட்டின பணம் தன் வாய்க்காலுக்கே திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்த விவசாயி அடுத்த வருஷமும் கட்டினார்.

நமக்குப் பக்கத்தில் இலங்கையின் கல்லோயா இருக்கிறது. அந்த நாட்டிலேயே மிக மோசமாகச் சிதைந்த பாசனத் திட்டம் என்று பெயரெடுத்த இடது கரையில், 1981இல் படித்த இளைஞர்களை வயல்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் எந்தத் திட்டத்தையும் கையில் கொண்டுபோகவில்லை. வீடு வீடாகப் போய், ஒரே வயல் வாய்க்காலில் பாயும் பத்துப் பதினைந்து பேரைப் பேசவைத்தார்கள். குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்த வருஷம் அது. சில வாரத்துக்குள் விவசாயிகளே தூர் எடுத்தார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சப்பட்டதைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். பல வருஷம் தூர் எடுக்காத வாய்க்கால்கள் அவை.

ஆனால் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்துவிட்டால் தண்ணீர் வந்துவிடாது. ஆந்திரத்தில் 1997இல் சட்டம் போட்டு, ஒரே மாதத்தில் தேர்தல் வைத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தண்ணீர்ச் சங்கங்களை அமைத்தார்கள். தொடக்கத்தில் நல்ல வேலை நடந்தது. பிறகு பல இடங்களில் சங்கத் தலைவர் பதவி ஒப்பந்தக்காரருடையதாகவும் கட்சிக்காரருடையதாகவும் போனது. கல்லோயாவில் முதலில் பேச்சு, பிறகு வேலை, கடைசியில்தான் சங்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதுதான் பிழை என்பது என் எண்ணம். பர்மாவிலும் 2015இல் உலக வங்கியின் பத்துக் கோடி டாலர் உதவியோடு கிழக்கு பெகு உள்ளிட்ட நாலு பகுதிகளில் வாய்க்கால் செப்பனிடவும் தண்ணீர்க் குழுக்கள் அமைக்கவும் ஒரு திட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு உலக வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

இப்போது நம் பக்கத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். கீழ்ப் பர்மாவில் பாசனம் சரியாக நடக்கிறதா என்பதைக் கோடை நெல் ஏக்கரை வைத்து அளக்கிறார்கள். எங்கள் மக்கள் கேட்பது வேறு. கார்த்திகையில் மழைநெல் அறுத்த கையோடு, தாள் நிற்கிற ஈர வயலில் உளுந்தை விதைத்துவிடுவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரமும் விடியற்காலைப் பனியும் போதும், மூன்று மாதத்தில் காய் முற்றிவிடும். கோடை நெல்லோ ஒரு போகத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். உரமும் அதிகம், டீசலும் அதிகம். உளுந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறது. சென்னையிலும் மதுரையிலும் காலையில் வேகிற இட்லியில் பர்மா உளுந்து இருப்பது புதிதல்ல. எங்கள் வயலுக்கும் நம் சொந்தக்காரர் அடுப்புக்கும் இன்னும் அறுபடாத உறவு அது.

இதில் சிக்கல் என்னவென்றால் நெல்லுக்கு விடும் தண்ணீரே உளுந்துக்கு எமன். மேல்வயலில் கோடை நெல்லுக்குத் தண்ணீர் கட்டினால், வரப்பு கசிந்து கீழ்வயல் உளுந்தின் வேர் அழுகும். இரண்டு நாள் நின்றால் இலை மஞ்சளாகும், நாலாம் நாள் பிடுங்கினால் கையோடு வரும். மூன்று வருஷம் முன்பு, தை பிறந்த மறுவாரம், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். கதவில்லாத மதகு வழியே இரவில் இறங்கிய தண்ணீர் பூ எடுத்து நின்ற எங்கள் நாலு ஏக்கர் உளுந்தை மூழ்கடித்தது. காலையில் சித்தப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் சொன்னார்:

“தம்பி, தண்ணி விட்டாலும் சொல்லு, விடலேன்னாலும் சொல்லு. சொல்லாம விடுறதுதாண்டா குடியைக் கெடுக்குது.”

பாசன நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது கூடுதல் தண்ணீர் அல்ல, தேதி. அதோடு வடிகால். மழை கொட்டுகிற இந்தப் பூமியில் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்காலுக்கு, கொண்டுவரும் வாய்க்காலுக்குச் சமமான கவனிப்பு வேண்டும். 1970களில் உலக வங்கிக் கடனில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்களுக்குக் கரையும் வடிகாலும் அமைத்தபோது இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த அணைக் காலத்தில் அது மறந்துபோனது.

உளுந்துக்கும் ஆபத்து உண்டு, மறைப்பதற்கில்லை. 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு அளவு கட்டியதும் இங்கே விலை விழுந்தது, பலர் கடனில் மாட்டினார்கள். 2021இல் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து எடுப்பதாக ஒப்பந்தம் வந்தபின் கொஞ்சம் மூச்சு வந்தது. எந்த வருஷம் உளுந்து, எந்த வருஷம் நெல் என்பதைச் சந்தையையும் வானத்தையும் பார்த்து விவசாயி முடிவு செய்ய வேண்டும். சட்டம் அதற்கு இடம் தரத் தயங்குகிறது. 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டப்படி, நெல் நிலத்தில் வழக்கமான பயிரை மாற்ற அனுமதி கேட்க வேண்டும்.

அதே சட்டம் எங்களை இன்னொரு இடத்தில் தடுக்கிறது. நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்கு ஏழாம் எண் படிவம் வேண்டும், அது குடிமக்களுக்கு மட்டும். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மூன்று, நாலு தலைமுறையாக இங்கேயே உழுதுவரும் தமிழ்க் குடும்பங்களில் முழுக் குடியுரிமை அட்டை இல்லாதவர்கள் எத்தனையோ பேர். எங்கள் நிலப் படிவம் பக்கத்து ஊர்ப் பர்மிய நண்பர் பெயரில் இருக்கிறது. அவர் தங்கமான மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாய்க்கால் கூட்டத்துக்குப் படிவத்தில் பெயர் உள்ளவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சேற்றில் இறங்கி மடையை அடைக்கிறவருக்கு அங்கே நாற்காலி இல்லை. மலைநாட்டு அகதியாக வந்து குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும், கணவர் தாய்லாந்தில் கூலிக்குப் போயிருக்க நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் இதே நிலைதான். பாசனக் குழுவில் சேரத் தகுதி என்ன என்று கேட்டால், எந்த மடையில் தண்ணீர் வாங்குகிறார் என்பது ஒன்றே போதும் என்பேன். பட்டா யார் பெயரில் இருந்தாலும் பயிர் காய்வது உழுகிறவர் கண் முன்னால்தானே.

இந்த நாட்டின் இன்றைய நிலையில் பெரிய சீர்திருத்தம் பேசுவது பலருக்கு வெட்டிப் பேச்சாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் விடும் நாளை ஒரு வாரம் முன்பு கிராம ஒலிபெருக்கியில் சொல்வதற்குக் கடன் வேண்டாம். பாசன அலுவலகத்தின் மாதக் கணக்கில், அணையின் மட்டத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கிளையின் கடைசி மதகிலும் அளந்த மட்டம் என்று ஒரு பத்தி சேர்க்கலாம், அதற்கும் டாலர் வேண்டாம். அந்தப் பத்தி வந்துவிட்டால் மேலே இருப்பவருக்கு எந்தக் கிளை வறண்டது, எந்த மதகில் கதவில்லை என்று தானாகத் தெரியும். தண்ணீர் வரியில் ஒரு பங்கை அந்தந்தக் கிளையிலேயே நிறுத்திவைக்க மேலிடத்தின் மனம் வேண்டும், அது கொஞ்சம் நாளாகும். அதற்குள் தூர் எடுக்க ஊர் கூடலாம். போன மாசியில் எங்கள் கோயில் வளவில் தமிழரும் பர்மியரும் கரென் இனத்தவருமாக நாற்பது பேர் கூடி, இரண்டு நாளில் முக்கால் மைல் வாய்க்காலில் தூர் எடுத்தோம். சோறு எங்கள் பெண்கள் போட்டார்கள், மண்வெட்டி அவரவர் கொண்டுவந்தது.

சித்தப்பா அளக்கத் தொடங்கிவிட்டார். கதவில்லாத மதகுக்கு உள்பக்கம் ஒரு மூங்கில் கழியை ஊன்றி, கத்தியால் சாண் சாணாகக் கீறி வைத்திருக்கிறார். பேரன் பள்ளிக்கூட நோட்டில் பாதி மிஞ்சியிருந்தது, அதில் தேதி போட்டு எழுதுகிறார். கிளையின் நடுவில் இருக்கும் பர்மியப் பெரியவரும் பார்த்துவிட்டுத் தன் மடையில் ஒரு கழி ஊன்றியிருக்கிறார். சாயங்காலம் இருவரும் டீக்கடையில் நோட்டை வைத்து ஒப்பிடுவார்கள். நடுமடையில் மூன்று சாண் ஏறிய நாளில் எங்கள் மடையில் அரைச் சாண். இடையில் எங்கே ஒழுகுகிறது என்று அடுத்த வாரம் கரையோடு நடந்து பார்க்கப் போகிறார்கள், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.